குறைமாதப் பிள்ளைக்குக் கைச்சூடு பழகட்டும்

“புள்ளைக்கு கைச்சூடு பழக்காத. பொறகு கீழ எறக்கவே விடாது.”

ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்தில், லயத்து இஸ்தோப்பில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் தன் மருமகளிடம் சொன்னது இது. சம்பளப் பிரச்சினை பற்றி எழுதுவதற்காக நான் அங்கே போயிருந்தேன். மருமகள் பதில் சொல்லவில்லை. கணவனின் பெரிய சுவெட்டர் ஒன்றைப் போட்டிருந்தார். அதன் கழுத்து விளிம்புக்கு மேலே ஒரு கம்பளித் தொப்பி தெரிந்தது. தொப்பிக்குள் தோடம்பழத்தைவிடக் கொஞ்சமே பெரிய தலை. 31 வாரத்தில், 1,400 கிராம் எடையோடு பிறந்த பெண் குழந்தை. 35 நாட்கள் வைத்தியசாலையில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து 12 நாட்கள் ஆகியிருந்தன.

“ஆஸ்பத்திரியில மிஸ்ஸி இப்படித்தான் நெஞ்சுல வச்சிருக்கச் சொன்னாங்க மிஸ். மாமிக்கு அது புரியல” என்றார் அந்தத் தாய், மாமிக்குக் கேட்காதபடி மெதுவாக.

சம்பளக் கட்டுரையை எழுதி முடித்தேன். ஆனால் அந்த மாமி சொன்னது மனதை விட்டுப் போகவில்லை. மலையகத்தில் மட்டுமல்ல, வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் நாம் எல்லோரும் ஏதோ ஒரு வடிவில் கேட்டு வளர்ந்த புத்திமதிதான் அது. தூக்கினால் பழகிவிடும், பழகினால் வேலை செய்ய விடாது. வேலை செய்யாமல் இருக்க முடியாத பெண்களிடையே பிறந்த புத்திமதி என்பதால் அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் குறைமாதத்தில் பிறந்த குழந்தையைப் பொறுத்தவரை அது தவறு. எவ்வளவு தவறு என்பதைக் கடந்த நாற்பது, ஐம்பது ஆண்டுகால மருத்துவ ஆய்வுகள் எண்ணிக்கையிலேயே காட்டியிருக்கின்றன.

37 வாரங்கள் நிறைவதற்கு முன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறார்கள். 2020ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இப்படிப் பிறந்தன. பத்தில் ஒன்றுக்கு மேல். ஐந்து வயதுக்கு முன் இறக்கும் குழந்தைகளின் மரணங்களுக்கு முதற் காரணமும் குறைமாதப் பிறப்பினால் வரும் சிக்கல்களே. ஏழாம் மாதம் பிறந்தால் பிழைக்கும், எட்டாம் மாதம் பிறந்தால் பிழைக்காது என்று நம் ஊர்களில் ஒரு பேச்சு உண்டு. அதில் உண்மை இல்லை. வயிற்றில் கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிழமையும் குழந்தைக்கு இலாபம்தான். நானே எட்டாம் மாதப் பிள்ளை என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன்.

தோட்டங்களில் இன்னொரு விடயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2,500 கிராமுக்குக் குறைவான எடையோடு பிறக்கும் குழந்தைகள் எல்லாம் குறைமாதக் குழந்தைகள் அல்ல. தாயின் இரத்தச்சோகை, போதாத சாப்பாடு, நிறைமாதம் வரை கூடை சுமந்து மலை ஏறி இறங்கும் வேலை போன்றவற்றால் பத்து மாதம் நிறைந்தும் சிறிதாகப் பிறக்கும் குழந்தைகள் பெருந்தோட்டங்களில் அதிகம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் 17 சதவீதம். தோட்டங்களில் மட்டும் 32 சதவீதம். அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதி பிள்ளை பிறக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. நான் இங்கு எழுதும் பராமரிப்பு, முந்திப் பிறந்த பிள்ளைக்கும் சிறிதாகப் பிறந்த பிள்ளைக்கும் பொதுவானது.

இன்குபேட்டர் போதாத ஊரில்

1978இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில், ஏழைப் பெண்கள் வரும் ஒரு பெரிய மகப்பேற்று மருத்துவமனையில் எட்கார் ரேய் சனாப்ரியா என்ற வைத்தியர் பணியாற்றினார். இன்குபேட்டர்கள் போதவில்லை. ஒன்றுக்குள் இரண்டு மூன்று குழந்தைகளைப் படுக்க வைத்தார்கள். ஒரு குழந்தைக்குத் தொற்று வந்தால் பக்கத்தில் உள்ளதற்கும் வந்தது. தாயை உள்ளே விடுவதில்லை. பல கிழமைகள் பிள்ளையைத் தொடாத தாய்மாரில் சிலர் திரும்பி வராமலே போனார்கள். ரேய் வேறு வழியில்லாமல் ஒரு முடிவெடுத்தார். சுவாசமும் உணவும் ஓரளவு சரியாக உள்ள குழந்தைகளைத் தாயின் வெற்று நெஞ்சில் நிமிர்த்தி வைத்துத் துணியால் கட்டினார். அடுத்த ஆண்டு எக்டர் மார்த்தினெஸ் என்ற வைத்தியரும் அவருடன் சேர்ந்துகொண்டார். கங்காரு தன் முழு வளர்ச்சியடையாத குட்டியைப் பையில் வைத்து வளர்ப்பதுபோல் இருந்ததால் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது: கங்காரு தாய்ப் பராமரிப்பு.

ஏழைகளுக்கான மாற்று மருத்துவம் என்றுதான் பணக்கார நாடுகள் முதலில் இதைப் பார்த்தன. இன்குபேட்டர் இல்லாதவர்கள் செய்துகொள்ளட்டும் என்பது போல. சிம்பாப்வேயில் மனாமா என்ற இடத்தில் இருந்த ஒரு கிராமப்புற மிஷன் மருத்துவமனையில் இன்குபேட்டரே இல்லை. நீல்ஸ் பெர்க்மன் என்ற வைத்தியரும் அவருடன் இருந்த தாதியும் 1980களின் இறுதியில் அங்கே இந்த முறையைத் தொடங்கினார்கள். 1,500 கிராமுக்குக் குறைந்த குழந்தைகளில் அதுவரை பத்தில் ஒன்றுதான் பிழைத்தது. பிறகு பத்தில் ஐந்து பிழைத்தது.

நெஞ்சின் மேல் என்ன நடக்கிறது

ஏன் இப்படி என்பதை விளங்கிக்கொள்ள, குறைமாதக் குழந்தையின் உடம்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். தோல் மெல்லியது. தோலுக்கு அடியில் கொழுப்பு இல்லை. உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, அதன் வழியாகச் சூடு வேகமாகப் போகிறது. நாம் குளிரில் நடுங்கிச் சூடு உண்டாக்குவதுபோல் அதற்கு நடுங்கத் தெரியாது. உடம்பு குளிரும்போது, வளர்வதற்காக வைத்திருக்கும் சக்தியை எரித்துத்தான் சூடு தேட வேண்டும். சீனி குறையும், மூச்சு தடுமாறும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. தை மாத விடியற்காலையில் புல்லின்மேல் பனி உறையும் ஊரில் இந்தப் பிரச்சினையின் கனம் வேறு.

தாயின் நெஞ்சு வெறுமனே சூடான இடம் அல்ல. குழந்தை குளிர்ந்தால் தாயின் மார்புத் தோலின் வெப்பம் கூடுகிறது, குழந்தை சூடானால் குறைகிறது. அதற்காக அவர் எதையும் நினைத்துச் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் வாசிக்கும்போது எனக்கு வியப்பைத் தரும் செய்தி இது. குழந்தை நிமிர்ந்த நிலையில் தாயின் மூச்சோடு சேர்ந்து அசைகிறது. குறைமாதக் குழந்தைகள் இடையிடையே மூச்சு விட மறந்துவிடும். நெஞ்சில் இருக்கும்போது இதயத் துடிப்பும் சுவாசமும் கூடுதல் சீராக இருப்பதைக் கருவிகள் காட்டுகின்றன. தாயின் தோலில் உள்ள சாதுவான கிருமிகள் குழந்தையின் தோலில் குடியேறுகின்றன. வைத்தியசாலையின் கொடிய கிருமிகளுக்கு அங்கே இடம் குறைகிறது. பால் மணம் பக்கத்திலேயே இருப்பதால் குழந்தை உறிஞ்சப் பழகுகிறது. குழந்தை பக்கத்திலேயே இருப்பதால் தாய்க்குப் பால் ஊறுகிறது. ஒக்ஸிடோசின் என்ற ஹோர்மோன் இருவருக்கும் சுரக்கிறது. குதிகாலில் ஊசி குத்தி இரத்தம் எடுக்கும்போதுகூட, நெஞ்சில் உள்ள குழந்தை குறைவாக அழுகிறது.

இதெல்லாம் உயிரோடு வைத்திருக்கும் விடயம். அதற்கு அப்பால் வளர்ச்சி என்ற ஒன்று இருக்கிறது.

வயிற்றுக்குள் இருக்கும் கடைசி மூன்று மாதங்களில்தான் மூளை மிக வேகமாக வளர்கிறது. 34 வாரத்தில் அதன் எடை நிறைமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். மிச்ச வளர்ச்சி இருட்டிலும் வெதுவெதுப்பிலும், தாயின் இதயத் துடிப்பைக் கேட்டுக்கொண்டு நடக்க வேண்டியது. முந்திப் பிறந்த குழந்தைக்கு அந்த வளர்ச்சி குழல்விளக்கு வெளிச்சத்திலும், கருவிகளின் அலறலிலும், ஊசிகளுக்கு நடுவிலும் நடக்கிறது. தாயின் நெஞ்சு அந்த இழந்த இடத்தில் ஒரு பகுதியையாவது திருப்பிக் கொடுக்கிறது. வாசம், குரல், துடிப்பு, அசைவு எல்லாம் குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவை.

பொகோட்டாவில் 1993க்கும் 1996க்கும் இடையில் பிறந்த குழந்தைகளை நத்தலி ஷார்பாக் என்ற வைத்தியரின் குழு இரண்டு பிரிவாக்கி ஆராய்ந்தது. ஒரு பிரிவுக்குக் கங்காரு முறை, மற்றதற்கு வழமையான பராமரிப்பு. இருபது ஆண்டுகள் கழித்து, 1,800 கிராம் அல்லது அதற்குக் குறைந்த எடையோடு பிறந்திருந்தவர்களைத் தேடிப் பிடித்துச் சோதித்தார்கள். முடிவு 2017இல் வெளியானது. கங்காரு பிரிவில் வளர்ந்தவர்கள் பாடசாலைக்கு வராமல் நின்றது குறைவு. அளவுக்கு மீறிய துடுக்கும் முரட்டுத்தனமும் குறைவு. மூளையின் சில பகுதிகள் கூடுதலாக வளர்ந்திருந்தன. பிறக்கும்போது மிகவும் பலவீனமாக இருந்தவர்களுக்குத்தான் புத்திக்கூர்மையில் கிடைத்த நன்மை இருபது வயது வரை நீடித்தது. அந்த வீடுகளில் பெற்றோர் பிள்ளையைக் கூடுதலாகக் கவனித்தார்கள் என்பதையும் ஆய்வு கண்டது. அதாவது நெஞ்சில் வைத்திருந்தது பிள்ளையை மட்டும் மாற்றவில்லை, வீட்டையும் மாற்றியிருக்கிறது.

இஸ்ரேலில் ரூத் ஃபெல்ட்மன் என்ற உளவியல் ஆய்வாளர் இன்னும் எளிமையான ஒன்றைச் செய்தார். 73 குறைமாதக் குழந்தைகள் தொடர்ந்து 14 நாட்கள், நாளுக்கு ஒரு மணித்தியாலம் தாயின் நெஞ்சில் இருந்தன. இன்னொரு 73 குழந்தைகள் இன்குபேட்டரிலேயே இருந்தன. மொத்தம் 14 மணித்தியாலம்தான். பத்து வயதில் பார்த்தபோது முதற் பிரிவுப் பிள்ளைகள் நன்றாகத் தூங்கினார்கள், பதற்றத்தைக் கூடுதலாகத் தாங்கினார்கள், கவனத்தைக் கட்டுப்படுத்துவதிலும் முன்னே நின்றார்கள்.

இந்த இடத்தில் சிலருக்கு நெஞ்சு கனக்கும் என்று எனக்குத் தெரியும். இதை வாசிப்பவர்களில் ஷெல்லுக்கு நடுவே பிரசவித்தவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளையை ஒரு வைத்தியசாலையிலும் தாயை இன்னொரு இடத்திலுமாகப் பிரித்த நாட்களைக் கண்டவர்கள் இருக்கிறீர்கள். மேலே சொன்னவை எல்லாம் கூட்டமாகப் பார்க்கும்போது கிடைக்கும் சராசரிகள். அணைக்க முடியாமல் போன ஒரு பிள்ளையின் தலைவிதி அன்றே எழுதப்பட்டுவிட்டது என்று எந்த ஆய்வும் சொல்லவில்லை. பிற்காலத்து நெருக்கத்துக்கும் பேச்சுக்கும் விளையாட்டுக்கும் மூளையில் இடம் உண்டு.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மம்மா லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். 1977 கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். நான் பிறந்தது 1990இன் கடைசியில், மறுபடியும் யுத்தம் தொடங்கி, வடக்கில் மின்சாரம் நின்றுபோயிருந்த நேரம். ஒரு மாதத்துக்கு மேல் முந்திப் பிறந்தேன். என்ன எடை என்று யாருக்கும் நினைவில்லை. “ஒரு போத்தல் கனம்” என்பார் அம்மம்மா. இன்குபேட்டருக்குப் போக வழியில்லை. அம்மாவும் அம்மம்மாவும் மாறி மாறி என்னைச் சட்டைக்குள் போட்டுச் சேலையால் சுற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்கள், பங்கருக்குள்ளும் அப்படியே. பொகோட்டா என்ற பெயரை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். கோழி அடைகாப்பதைப் பார்த்துச் செய்ததாக அம்மம்மா சொல்வார்.

நான் பிழைத்தது இந்த முறைக்குச் சான்று அல்ல. பிழைக்காத குழந்தைகள் கட்டுரை எழுதுவதில்லை. ஆனால் மின்சாரம் போகும் நாடுகளில் இது சின்ன விடயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். 2023 நவம்பரில் காசாவின் அல் ஷிஃபா மருத்துவமனையில் மின்சாரம் நின்றபோது, இன்குபேட்டரிலிருந்து வெளியே எடுத்த குறைமாதக் குழந்தைகளை ஒரே கட்டிலில் வரிசையாகப் படுக்க வைத்திருந்த படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சில குழந்தைகள் இறந்த பின், 31 குழந்தைகள் அங்கிருந்து வெளியே கொண்டுவரப்பட்டார்கள். அந்தப் படத்தை என்னால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை. அவர்களுக்குப் பக்கத்தில் தாய்மார் இல்லை.

பிறந்த உடனேயே

நீண்ட காலமாக, குழந்தை ஓரளவு நிலைபெற்ற பிறகுதான் நெஞ்சில் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவந்தது. அதற்கு மூன்று நான்கு நாட்கள் ஆகலாம். குறைமாதக் குழந்தைகள் அதிகம் இறப்பது அந்த முதல் நாட்களில்தான். எனவே கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தன்சானியா ஆகிய நாடுகளில் ஐந்து மருத்துவமனைகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் புதுடில்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு பிரிவில் பிறந்தவுடனேயே குழந்தை நெஞ்சுக்குப் போனது. தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே தாய்க்கும் கட்டில் போடப்பட்டது. ஒரு நாளில் ஏறக்குறைய 17 மணித்தியாலம் அவர்கள் ஒட்டியிருந்தார்கள். 28 நாட்களுக்குள் இறந்தவர்கள் அந்தப் பிரிவில் 12 சதவீதம், மற்றதில் 15.7 சதவீதம். நன்மை தெளிவாகத் தெரிந்ததால், மற்றப் பிரிவுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வையே முன்கூட்டி நிறுத்தினார்கள். 2021 மே மாதம் முடிவுகள் வெளிவந்தன. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனம் தன் பரிந்துரையை மாற்றியது: தானாக மூச்சுவிட முடியாத, அதிர்ச்சி நிலையில் உள்ள, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் குழந்தைகளைத் தவிர மற்ற எல்லாக் குறைமாத, குறைந்த எடைக் குழந்தைகளுக்கும் பிறந்த உடனேயே தொடங்கலாம். நாளுக்கு 8 முதல் 24 மணித்தியாலம், முடிந்தவரை கூடுதலாக.

வைத்தியசாலைக்கு வெளியே இது பலிக்குமா என்பதுதான் லயங்களுக்கு முக்கியமான கேள்வி. அதற்கும் ஒரு பதில் இருக்கிறது. இந்தியாவின் ஹரியானாவில், 1,500 முதல் 2,250 கிராம் வரையுள்ள எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து வீடுகளிலேயே ஆய்வு செய்தார்கள். பணியாளர்கள் வீட்டுக்கே போய்த் தாய்க்குச் சொல்லிக் கொடுத்தார்கள், திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். முதல் 28 நாட்களில் மரணம் ஏறக்குறைய 30 சதவீதமும் ஆறு மாதம் வரை 25 சதவீதமும் குறைந்தது. லயத்தைவிடப் பெரிய வசதியுள்ள வீடுகள் அல்ல அவை. ஆனால் பணியாளர் வீட்டுக்கே வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செய்யும் முறை கடினமில்லை. பிள்ளைக்கு நப்கின், தொப்பி, காலுறை மட்டும். தாயின் இரண்டு மார்புகளுக்கும் நடுவே நிமிர்ந்து, நெஞ்சோடு நெஞ்சு படும்படி. தலை ஒரு பக்கம் திரும்பியிருக்க வேண்டும். நாடி மடிந்து நெஞ்சில் இடிக்கவும் கூடாது, அதிகம் அண்ணாந்திருக்கவும் கூடாது. மூக்கும் வாயும் எப்போதும் தெரிய வேண்டும். கால்கள் தவளைபோல் விரிந்து மடங்கியிருக்கட்டும். பிள்ளையின் காது வரைக்கும் வரும்படி நீளத் துணியால் இறுக்கமாகக் கட்டி, மேலே சட்டையோ சுவெட்டரோ போட்டுக்கொள்ளலாம். படுக்கும்போது தட்டையாகப் படுக்காமல், தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுப்பது நல்லது. ஒரு தடவை வைத்தால் குறைந்தது ஒரு மணித்தியாலமாவது வைத்திருக்க வேண்டும். எடுத்து எடுத்து வைப்பது குழந்தைக்குக் களைப்பு. இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை பால். உறிஞ்சச் சக்தியில்லாத பிள்ளைக்குப் பாலைக் கறந்து, வைத்தியசாலையில் காட்டித்தந்தபடி சிறு கோப்பையால் கொடுக்கலாம். பால் போத்தல் வேண்டாம். தகப்பனும் வைத்திருக்கலாம், பாட்டியும் வைத்திருக்கலாம். அவர்களுடைய நெஞ்சும் சூடுதான்.

லயங்களில் மட்டும் எழும் இரண்டு ஆபத்துகள் உண்டு. குளிருக்குப் பிள்ளையோடு விறகடுப்படியில் உட்காருவது நம் வழக்கம். அந்தப் புகை குறைமாத நுரையீரலுக்கு விஷம். பிள்ளைப் பெற்ற அறையில் தணல் சட்டி வைத்துக் கதவை அடைப்பது அதைவிட மோசம். தணலிலிருந்து வரும் வாயுவுக்கு மணமில்லை, தூக்கத்திலேயே கொன்றுவிடும். சுடுநீர்ப் போத்தலும் மெல்லிய தோலைச் சுட்டுவிடும். சூட்டுக்கு நெஞ்சு இருக்கும்போது இவை தேவையில்லை. பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தால், மூச்சு நின்று நின்று வந்தால், விலா உள்ளே இழுத்தால், உதடு நீலமானால், வலிப்பு வந்தால், உள்ளங்கால் வரை மஞ்சள் படர்ந்தால், கட்டி வைத்திருந்தும் உடம்பு சில்லென்றிருந்தால், காய்ச்சல் அடித்தால் தாமதிக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். பிள்ளையை நெஞ்சில் வைத்தபடியே கொண்டு போகலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தலை நிமிர்த்திவிட்டது, நம் பிள்ளை இன்னும் இல்லையே என்று குறைமாதத் தாய்மார் பயப்படுவார்கள். வயதைப் பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து எண்ணிப் பாருங்கள். இரண்டு வயது வரைக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டைக் காட்டி அந்தக் கணக்கைக் கேட்கலாம்.

84 நாள் கணக்கு

இனி நேரத்தின் கதை. பணம் செலவில்லாத சிகிச்சை என்று இதை எல்லோரும் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பாராட்டில் ஒரு நெருடல். செலவு இருக்கிறது, அது தாயின் நேரம். நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்பது பெரட்டுக்குப் போய்க் கொழுந்து நிறுத்து முழுப் பேர் வாங்கும் ஒரு நாள்.

1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம்தான் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு விடுமுறை தருகிறது: 12 வாரம், 84 நாட்கள். முன்பு மூன்றாவது பிள்ளைக்கு அதில் பாதிதான். 2018இல் அதைத் திருத்தினார்கள், நல்ல காரியம். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை 12 வாரம் முந்திப் பிறக்கிறது. 84 நாளையும் பிரசவத்துக்குப் பின்னரே எடுத்தாலும், அந்தக் குழந்தை சாதாரணமாகப் பிறந்திருக்க வேண்டிய அன்று விடுமுறை முடிந்துவிடும். சட்டம் பிறந்த நாளைப் பார்க்கிறது, பிறந்திருக்க வேண்டிய நாளைப் பார்ப்பதில்லை. விடுமுறையின் பெரும் பகுதி வைத்தியசாலையிலேயே போய்விடும்.

அரசாங்க உத்தியோகத்தில் உள்ள பெண்ணுக்கு 84 வேலை நாட்கள் முழுச் சம்பளத்துடனும், பிறகு 84 நாட்கள் அரைச் சம்பளத்துடனும், இன்னும் 84 நாட்கள் சம்பளமில்லாமலும் எடுக்க வழி இருக்கிறது. அந்தத் தாய்க்கு இது போதும் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரே நாட்டின் இரண்டு குழந்தைகளுக்கு இடையில் உள்ள தூரம் அது. பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் 6 முதல், பிறந்தவுடன் சிகிச்சைப் பிரிவில் தங்க நேர்ந்த குழந்தைகளின் பெற்றோருக்கு, வழமையான விடுமுறைக்கு மேலதிகமாக 12 வாரம் வரை கொடுக்கிறார்கள். அப்படி ஒரு சட்டம் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகு, பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்டுவதற்கு நாளுக்கு இரண்டு இடைவேளை சட்டப்படி உண்டு. பிள்ளைக் காம்பரா இருந்தால் அரை மணித்தியாலம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். மலை பத்தாம் நம்பரில் இருக்கும், பிள்ளைக் காம்பரா கீழே தொழிற்சாலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஏறி இறங்கவே அந்த அரை மணித்தியாலம் போதாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயாக அறிவிக்கப்பட்டது. கொழுந்து குறைந்தால் அரைப் பேர். இந்த நிலையில் இடைவேளையைக் கேட்டு வாங்கும் தாய் எத்தனை பேர்?

வைத்தியசாலை நாட்களும் லேசானவை அல்ல. 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் வந்து திறந்துவைத்த டிக்கோயா வைத்தியசாலை ஹட்டன் பகுதிக்குப் பெரிய ஆறுதல். ஆனாலும் மிகச் சிறிய குழந்தைகள் நுவரெலியா, கண்டி, பேராதனை என்று பெரிய இடங்களுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. வீட்டில் மூத்த பிள்ளை, வேலை நிறுத்தினால் சம்பளம் நிற்கும் கணவன், பஸ் காசு. நான் சந்தித்த தாய்க்குச் சிங்களம் அவ்வளவாகத் தெரியாது. தாதி வாயால் சொன்னது புரியாதபோது, தன் கையாலேயே பிள்ளையை எடுத்து, சட்டைப் பொத்தானைக் கழற்றி, நெஞ்சில் வைத்துக் கட்டிக் காட்டினாராம். அந்தத் தாதியின் பெயர் தெரியவில்லை என்று இப்போதும் வருத்தப்படுகிறார்.

அன்று புறப்படும் முன் மாமியோடு கொஞ்சம் பேசினேன். பொகோட்டா கதையெல்லாம் சொல்லவில்லை. என் அம்மம்மா தோட்டத்துக்காரி என்றும், என்னை எப்படி வைத்திருந்தார் என்றும் மட்டும் சொன்னேன். எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, “அப்ப நீ குறைமாசமா?” என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

இரண்டு மாதம் கழித்துத் தொலைபேசியில் பேசினேன். விடுமுறை முடிந்து அந்தத் தாய் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தார். வயிற்றிலேயே இருந்திருந்தால் குழந்தை அப்போது பிறந்து சில கிழமைகள்தான் ஆகியிருக்கும். எடை 3 கிலோ 400 கிராம். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கறந்து வைத்துவிட்டுப் போகிறாராம். பகலில் மாமிதான் சேலைக்குள் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். “இப்ப நான் கேட்டாலும் சட்டுனு குடுக்கிறதில்ல மிஸ்.”